கரையோரத்தில்தான் மேடு கட்டும் பறவை சுனாமிக்குப் பிறகு எப்படி மிஞ்சியது?

குளச்சல் டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குளச்சலை அடுத்த ஒரு பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். வகுப்பில் ஒரு நாள் இந்தியாவின் தென்முனை எது என்ற பேச்சு வந்தது. நம் கன்னியாகுமரி நிலப்பரப்பின் தென்முனை மட்டும்தான், நாட்டின் தென்முனை பெரிய நிக்கோபார் தீவிலுள்ள இந்திரா முனை என்று சொன்னதும், பிள்ளைகளுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. அப்போது ஒரு மாணவி, தன் தாத்தா இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அரசு கொடுத்த நிலத்தில் பயிர் செய்ய அந்தத் தீவுக்குக் குடியேறியவர் என்றும், மண்ணையும் சருகையும் ஆள் இடுப்பளவுக்குக் குவித்து, அதற்குள் முட்டையைப் புதைத்துவிட்டு, அடைகாக்காமலே போய்விடும் ஒரு கோழி அங்கே உண்டென்று அவர் சொல்வார் என்றும் கூறினாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். தாத்தா கதை விட்டிருக்கிறார் என்பது அவர்கள் முடிவு.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோது தாத்தா சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை என்று தெரிந்தது. அது நிக்கோபார் மெகாபோட் என்னும் பறவை. நிக்கோபார் தீவுக்கூட்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதன் மேடுகளில் பெரும்பாலானவை கடற்கரையிலிருந்து சில பத்து மீட்டர் தொலைவுக்குள்ளேயே இருக்கும் என்றும் படித்தேன். இதை மறுநாள் வகுப்பில் சொன்னவுடன், ஒருவன் எழுந்து கேட்டுவிட்டான்: "அப்படியென்றால் சுனாமியில் எல்லா மேடும் போயிருக்குமே டீச்சர், அந்தக் கோழி இப்போது எப்படி இருக்கிறது?" எங்கள் பகுதியில் 2004 டிசம்பர் 26 எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகள் அதன்பின் பிறந்தவர்கள் என்றாலும், கரையை ஒட்டி இருந்தவை என்ன ஆயின என்பதை வீட்டுப் பேச்சிலிருந்தே அறிந்தவர்கள். ஆகவே மேலோட்டமாக ஒரு பதிலைச் சொல்லி அவனை உட்காரவைக்க எனக்கு மனமில்லை.

அடைகாக்காமல் முட்டை எப்படிப் பொரிகிறது, சுனாமிக்கு முன்னும் பின்னும் இந்தப் பறவையின் நிலை என்ன, இரண்டையும் விளக்க முடிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

தேரூர்க் குளக்கரை எழுதியது:

டீச்சர், அந்த மாணவனின் கேள்வி ஆய்வாளர்களே சுனாமி நடந்த சில வாரங்களில் கேட்டுக்கொண்ட கேள்விதான். பதிலைச் சொல்வதற்கு முன் மேட்டின் வேலையைப் புரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் சுனாமி அழித்ததில் பறவைகளைவிட மேடுகளும் மேடு கட்டத் தகுந்த இடங்களும்தான் அதிகம்.

நம் ஊர்த் தோப்புகளில் உரக்குண்டைக் கிளறும்போது உள்ளேயிருந்து ஆவி எழுவதையும், கையை நுழைத்தால் சுடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். தழையை நுண்ணுயிரிகள் மட்கவைக்கும்போது வெளிப்படும் வெப்பம் அது. நிக்கோபார் மெகாபோட் நம்பியிருப்பது இதே வெப்பத்தைத்தான். கரையோரக் காட்டின் மணல், பவளத் துண்டுகள், சருகு, மட்கிய மரத்தூள் எல்லாவற்றையும் காலால் பின்னோக்கி வாரி எறிந்து மேடாக்குகிறது. சில மேடுகள் வெட்டவெளியில் தனியாக இருக்கும். சில விழுந்து கிடக்கும் மரத்தை அணைத்தும், சில உயிரோடு நிற்கும் மரத்தின் அடியைச் சுற்றியும் எழுந்திருக்கும். ஒரு மீட்டர் உயரமும் சில மீட்டர் அகலமும் கொண்ட மேடு சாதாரணம். ஒரே மேட்டை ஆண்டுக்கணக்கில், புதுச் சருகு சேர்த்துச் சேர்த்துப் பயன்படுத்துவதால் சில மேடுகள் இதைவிட மிகப் பெரிதாக வளர்ந்துவிடுகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட இணைகள் ஒரே மேட்டில் முட்டையிடுவதும் உண்டு.

மேட்டுக்குள் வெப்பம் 33 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். முட்டை ஏறக்குறைய 8 செ.மீ. நீளம்; நாட்டுக்கோழி அளவே உள்ள ஒரு பறவைக்கு இது மிகப் பெரிய முட்டை. இட்ட புதிதில் இளஞ்சிவப்பாக இருந்து நாளாக ஆக நிறம் மங்கும். கோழி முட்டை 21 நாளில் பொரிகிறது. இது 70 முதல் 80 நாள் வரை எடுத்துக்கொள்கிறது. இந்த நீண்ட காலமும், பிற பறவைகளின் முட்டையைவிட மிக அதிகமாக உள்ள மஞ்சள்கருவும் சேர்ந்துதான் குஞ்சை முழு வளர்ச்சியோடு வெளிக்கொண்டு வருகின்றன. ஓட்டைக் காலால் உதைத்து உடைத்து, மண்ணைக் கிளறிக்கொண்டே மேலேறி வரும் குஞ்சுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. இறகு முளைத்த நிலையில் வருவதால் உடனே ஓடவும் விரைவிலேயே பறக்கவும் முடிகிறது. ஒரு நாள்கூடப் பெற்றோரைப் பார்க்காமலே வளர்கிற பறவை இது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேள்விகள் வந்துகொண்டே இருக்கும்.

இனி சுனாமி. நல்வாய்ப்பாக, அதற்கு முன்பே ஒழுங்கான கணக்கு ஒன்று இருந்தது. கோயம்புத்தூரிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் 1990-களின் முற்பகுதியில் தீவு தீவாகச் சென்று மேடுகளை எண்ணினார். கரையோரத்தில் முட்டையிடும் இணைகள் 2,318 முதல் 4,056 வரை இருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. பறவையை நேரில் எண்ணுவது கடினம். அடர்ந்த புதருக்குள் ஓடி மறைந்துவிடும். மேடு ஓடாது. பயன்பாட்டில் உள்ள மேடு, கைவிடப்பட்ட மேடு என்று பிரித்தறிந்து, ஒரு மேட்டுக்கு எத்தனை இணை என்று கணக்கிட்டு வரும் எண் அது.

சுனாமிக்குப் பிறகு, இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த கே. சிவகுமார் 2006-இல் அதே கரைகளில் மீண்டும் எண்ணினார். ஏறக்குறைய 70 விழுக்காடு சரிவு. இணைகளின் எண்ணிக்கை 800-ஐத் தாண்டவில்லை. இந்தப் பறவையின் பெயரையே தாங்கி, இதற்காகவே சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்த மெகாபோட் தீவு கடலுக்குள் போய்விட்டது. டிராக்ஸ் என்ற சிறு தீவிலும் பறவை இல்லாமல் போயிற்று.

அலை மட்டும் வந்து போயிருந்தால் இழப்பு இவ்வளவு நீடித்திருக்காது என்பது என் கருத்து. நம் கரையில் கடல் ஏறியது, பிறகு இறங்கியது; நிலம் நின்ற இடத்திலேயே நின்றது. அங்கே நிலநடுக்கத்தில் நிலமே கீழிறங்கியது. இந்திரா முனைப் பக்கம் இறக்கம் நான்கு மீட்டர் அளவு. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடல்நீருக்குள் நிற்கும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாழ்வான கரைகளில் மேடு இருந்த இடம், மேட்டுக்கு மணல் கொடுத்த கடற்கரை, சருகு கொடுத்த மரங்கள் மூன்றும் ஒரே நேரத்தில் போயின. உப்புநீரில் நின்ற மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின.

அப்படியிருந்தும் மிஞ்சியது எப்படி? இங்கே நான் சொல்வது பறவையின் இயல்பிலிருந்து ஊகிப்பது. வளர்ந்த பறவைக்குப் பறக்கத் தெரியும், இரவில் மரத்தில் தங்கும், மேட்டின்மேல் உட்கார்ந்து அடைகாக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஆகவே மேடு போன அளவுக்குப் பறவை போயிருக்காது. செங்குத்தான பாறைக் கரைகளும் உள்காட்டில் இருந்த சில மேடுகளும் தப்பியிருக்கும். முட்டையிடுதல் ஆண்டின் பல மாதங்களில் பரவியிருப்பதால், ஓர் அலை ஒரு முழுத் தலைமுறையையும் துடைத்துவிட முடியாது. தாழ்ந்த கரைகளில் 2006-இல் எண்ணப்பட்ட மேடுகள் பலவும் அந்த ஒன்றரை ஆண்டுக்குள் புதிதாகக் கட்டப்பட்டவையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

காம்பெல் பே பழையவன் எழுதியது:

தேரூர் நண்பர் எழுதியதோடு நான் கண்டதையும் சேர்க்கிறேன். என் தகப்பனாரும் அந்தக் குடியேற்றத்தில் போனவர். 1969-இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல், பஞ்சாப், தமிழ்நாடு, கேரளம், மகாராஷ்டிரம் எனப் பல மாநிலங்களிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களைப் பெரிய நிக்கோபாரின் கிழக்குக் கரையில் குடியமர்த்தினார்கள். கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று கரையை ஒட்டியே ஊர்கள். நான் அங்கே வளர்ந்து, இப்போது மார்த்தாண்டத்தில் இருக்கிறேன்.

முதலில் கண்ணில் படுவது மேடு, பறவை அன்று. புன்னையும் தாழையும் நிற்கும் கரைக்காட்டுக்குள் நுழைந்தால், யாரோ லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்துபோனதைப் போலத் தோன்றும். கிட்டே போனால் தெரியும், மேலே புதிதாகக் கிளறிய ஈரமண் இருக்கும், பவளச் சில்லுகள் வெள்ளையாகக் கலந்து கிடக்கும், ஓரத்தில் மூன்று விரல் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். கிளறாத மேட்டில் செடி முளைத்துவிடும். அதை வைத்தே அது கைவிடப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

பறவையைப் பார்க்க வேண்டுமானால் அதிகாலையிலோ அந்தி நேரத்திலோ அசையாமல் உட்கார வேண்டும். பழுப்பு உடம்பு, முகத்தில் இறகில்லாத செந்தோல், குட்டை வால், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால். ஒரு காலை ஊன்றி, மறு காலால் இரண்டு மூன்று முறை வாரிப் பின்னால் எறியும். நின்று சுற்றிப் பார்க்கும். பிறகு கால் மாற்றும். முட்டைக்குக் குழி தோண்டும்போது பாதி உடம்பு மேட்டுக்குள் போய்விடும், மண் மட்டும் தெறித்துக்கொண்டிருக்கும். ஆள் அரவம் கேட்டால் பறப்பதில்லை, ஓடும். நெருக்கினால்தான் படபடவென்று எழும்பித் தாழ்ந்த கிளையில் உட்காரும். ஆணும் பெண்ணும் ஒன்றுக்கொன்று குரல் கொடுப்பது தூரத்துக்குக் கேட்கும்.

மேட்டுக்குப் பகை உடும்பும் மலைப்பாம்பும்தான் என்று ஏடுகளில் எழுதுவார்கள். அவை அந்தத் தீவின் பழைய குடிகள். அவற்றோடு இந்தப் பறவை காலங்காலமாக வாழ்ந்திருக்கிறது. எங்களோடு கப்பலில் போன நாயும் பூனையும்தான் கெடுதல் அதிகம் செய்தன. எங்கள் ஆட்களில் சிலர் முட்டையைத் தோண்டி எடுத்துத் தின்றதையும், கண்ணி வைத்ததையும் மறைப்பதற்கில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பறவை என்பது பெரியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. காட்டுக்கும் அடுக்களைக்கும் இடையில் அதைக் கேட்க யாரும் இல்லை. தீவுகளின் பழங்குடிகளான நிக்கோபாரிகளும் முட்டை எடுப்பார்கள், வேட்டையாடுவார்கள். ஆனால் எந்தத் தீவில், எந்தக் காலத்தில், யார் எடுக்கலாம் என்பதற்கு அவர்களிடம் கட்டுப்பாடு உண்டு. மெரோ, மென்சால் போன்ற தீவுகளுக்கு நினைத்தபோது போய் நினைத்ததை எடுத்துவர அவர்களிலும் யாருக்கும் உரிமை இல்லை.

சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையின் அந்த ஊர்கள் பழைய இடத்தில் இல்லை. பிழைத்தவர்களைத் தீவின் முக்கிய ஊரான காம்பெல் பே பக்கம் மேட்டுநிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். பறவைக்கும் அதே நிலைதான், புதுக் கரை எங்கே நின்றதோ அதற்குப் பின்னால் போய் இடம் தேட வேண்டியிருந்தது.

குளச்சல் டீச்சர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மாணவியின் தாத்தாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். வகுப்பிலிருந்து இன்னும் இரண்டு கேள்விகள் வந்துள்ளன. கடல் இவ்வளவு நடுவில் கிடக்கும்போது இந்தப் பறவை நிக்கோபாருக்கு எப்படி வந்தது, பக்கத்திலுள்ள சுமத்திராவில் ஏன் இல்லை என்பது ஒன்று. இதை ஒருமுறை பார்க்க முடியுமா என்பது மற்றொன்று.

பேச்சிப்பாறை இருவாச்சி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

மெகாபோட் குடும்பத்தில் இருபதுக்கும் சற்று மேற்பட்ட இனங்கள் உள்ளன. கிட்டத்தட்ட எல்லாம் ஆஸ்திரேலியா, நியூகினி, கிழக்கு இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பசிபிக் தீவுகள் என்று கிழக்கே கிடக்கின்றன. வெப்பத்தைத் தேடுவதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. சுலவேசித் தீவின் மலேயோ வெயிலில் காயும் கடற்கரை மணலிலும் பூமியின் உட்சூடு எட்டும் இடங்களிலும் முட்டையைப் புதைக்கிறது. டோங்காவின் நியுவாஃபோ தீவில் உள்ள இனம் எரிமலைச் சூட்டையே பயன்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட புதர்க்காட்டில் உள்ள மல்லி இனத்தின் ஆண், மேட்டை மாதக்கணக்கில் காவல் காத்து, மண்ணை அலகால் எடுத்துச் சூடு பார்த்து, ஏற்றியும் இறக்கியும் ஒழுங்கு செய்கிறது. இந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து, மேற்கே தன்னந்தனியாக நிற்பது நிக்கோபார் இனம் மட்டும். நடுவில் சுமத்திரா, மலேயா நிலப்பரப்பு எதிலும் இந்தக் குடும்பமே இல்லை. பெரிய நிக்கோபாரிலிருந்து சுமத்திரா ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். நம் கன்னியாகுமரியோ 1,800 கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கிறது.

இதற்கு இரண்டு மூன்று விளக்கங்கள் நெடுநாளாக உண்டு. ஆசியப் பெருநிலத்திலும் சுமத்திராவிலும் காட்டுப்பூனை, புனுகுப்பூனை வகைகள் நிறைய. தரையில் புதைந்த முட்டைக்கும், தாயின் காவல் இல்லாத குஞ்சுக்கும் அவற்றின் நடுவில் பிழைப்பு கடினம். நிக்கோபாரில் இயற்கையாக அத்தகைய ஊனுண்ணிகள் இல்லை. காட்டுக்கோழி, மயில் இனத்தைச் சேர்ந்த பறவைகளோடு போட்டியிட முடியாமல் மெகாபோட்கள் மேற்கே பரவவில்லை என்பது இன்னொரு விளக்கம். பழங்காலக் கடலோடிகள் உணவுக்காகப் படகில் கொண்டுவந்து விட்டிருக்கலாம் என்றும் சிலர் கருதியிருக்கிறார்கள். இந்தக் கடைசி விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. நிக்கோபாருக்குள்ளேயே, தீவுகளுக்கு நடுவில் உள்ள சோம்ப்ரெரோ கடற்கால்வாய்க்கு வடக்கே ஒரு துணையினமும் தெற்கே ஒரு துணையினமும் பிரிந்து நிற்கின்றன. படகில் வந்து இறங்கியது என்றால் இந்தப் பிரிவுக்குப் போதிய காலம் கிடைத்திருக்காது. ஆங்கிலேய விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் 1846-இல் இந்த இனத்தை அறிவியலுக்கு விவரித்தபோதே அது நிக்கோபாருக்கு உரிய தனி இனமாகத்தான் இருந்தது.

காட்டுப்பூனை விளக்கம் சரியென்றால், காம்பெல் பே நண்பர் சொன்ன வீட்டுப்பூனை எவ்வளவு பெரிய கேடு என்பதும் விளங்கும்.

இனயம் கடற்காற்று எழுதியது:

நான் பறவை அறிந்தவன் அல்லன், கடல் தொழில் செய்பவன். ஆனால் கலத்தியா விரிகுடா என்ற பெயர் எனக்குப் பழக்கமானது. சரக்குப் பெட்டகங்களை ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றும் துறைமுகம் என்று 2016-இல் எங்கள் இனயத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். நாங்கள் எதிர்த்தபின் கன்னியாகுமரியை அடுத்த கோவளம், மணக்குடிப் பக்கம் இடம் பார்த்தார்கள். அங்கும் மக்கள் எழுந்தார்கள். இப்போது அதேபோன்ற துறைமுகம் பெரிய நிக்கோபாரில் கலத்தியா விரிகுடாவில் வருகிறது. அந்தக் கரை மெகாபோட்டுக்கும், கடலாமைகளில் மிகப் பெரியதான தோணியாமைக்கும் உரியது என்று செய்திகளில் படித்தேன்.

எனக்கு ஒரு ஐயம், தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். சுனாமியில் கரையே இறங்கிப் போனபோதும் புதுக் கரையில் மேடு கட்டிய பறவை, துறைமுகம் வந்தால் வேறிடம் போய்க் கட்டாதா? இதற்காக வேறு தீவில் சரணாலயம் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். கரையில் வாழும் மனிதர்களுக்கு இப்படிச் சொன்னபோது நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பறவைக்கு அது பொருந்துமா என்று கேட்கிறேன்.

தேரூர்க் குளக்கரை எழுதியது:

நல்ல ஐயம். துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் போகாமல், பறவையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வேறிடம் போகும் என்பது உண்மை, ஆனால் போவதற்கு இடம் இருந்தால்தான். சுனாமிக்குப் பின் கடல் தின்ற கரைக்குப் பின்னால் காடு இருந்தது. பறவை சில நூறு மீட்டர் பின்வாங்கிப் புது விளிம்பில் கட்டியது. துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் என்று திட்டம் வரும்போது கரைக்குப் பின்னால் உள்ள காடும் சேர்ந்து போகிறது. பின்வாங்க இடமில்லை. பக்கத்துக் கரைக்குப் போனால் அங்கே ஏற்கெனவே வேறு இணைகள் இருக்கும். எல்லாக் கரையும் மேட்டுக்கு ஆகாது. மணல் இளகியதாக இருக்க வேண்டும், சருகு வேண்டும், ஈரம் நிற்க நிழல் வேண்டும்.

சரணாலயத்தைப் பொறுத்தவரை, நடந்த வரிசை இது. கலத்தியா விரிகுடா வனவிலங்குச் சரணாலயத்தின் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. 2022-இல் மென்சால் தீவை மெகாபோட்டுக்கும், மெரோ தீவைப் பவளப்பாறைக்கும், சிறிய நிக்கோபாரில் ஒரு பகுதியைத் தோணியாமைக்கும் ஒதுக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்தது. மென்சால் ஒன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான தீவு. அங்கே மெகாபோட் முன்பே இருந்தது. நிக்கோபாரிகளின் கட்டுப்பாடும் முன்பே இருந்தது. ஆகவே இழக்கும் கரைக்கு ஈடாகப் புதிதாக ஒன்றும் சேரவில்லை, இருந்ததற்கு ஒரு பலகை நட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. தங்களைக் கேட்காமல் தங்கள் தீவுகளை அறிவித்ததற்கு அந்த மக்கள் எதிர்ப்பும் தெரிவித்திருக்கிறார்கள்.

மேட்டைத் தோண்டி முட்டையை வேறிடத்தில் புதைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். முட்டையைப் புதைக்கலாம். அந்த மேட்டுக்கு மழைக்குப் பிறகும் சருகு சேர்த்துக் கிளறி வெப்பத்தை நிறுத்துவதற்கு அந்த இணை அங்கே வர வேண்டும். அதை யாரும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது.

காம்பெல் பே பழையவன் எழுதியது:

டீச்சரின் இரண்டாவது கேள்வி விடுபட்டுவிட்டது. பார்ப்பது எளிதன்று. நிக்கோபார் தீவுகளின் பெரும்பகுதி 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதியின்படி ஒதுக்கப்பட்ட நிலம். அனுமதிச் சீட்டில்லாமல் வெளியார் கால் வைக்கக் கூடாது. மென்சாலுக்கோ சிறிய நிக்கோபாருக்கோ போவதாகச் சொல்லி யாராவது சுற்றுலா அழைத்தால் நம்ப வேண்டாம். காம்பெல் பே குடியேற்றப் பகுதி வரை ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்பு போர்ட் பிளேயர்) கப்பல் உண்டு. கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும், திரும்பும் நாளை உறுதியாகச் சொல்ல முடியாது. விடுமுறையைக் கணக்குப் பார்த்து வருகிற ஆசிரியர்களுக்கு இது சரிப்படாது. வனத்துறையிடம் முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டு, அவர்கள் காட்டும் இடத்தில் தள்ளி நின்று பார்ப்பதே முறை. மேட்டின்மேல் ஏறிப் படம் எடுக்கிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. உள்ளே முட்டை எந்த ஆழத்தில் இருக்கிறதென்று மேலே நிற்பவருக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்கு மேட்டின் வேலையைக் காட்டுவதற்குத் தீவுவரை போக வேண்டியதில்லை. பள்ளித் தோட்டத்தில் நிழலான ஓரிடத்தில் கடல்மணலும் புன்னை, பூவரசு இலைச் சருகும் கலந்து இடுப்பளவு குவியுங்கள். மழைநீரால் உப்பு போன மணலாக இருக்கட்டும். பக்கத்திலேயே சருகு சேர்க்காமல் வெறும் மணலை அதே அளவுக்குக் குவியுங்கள். நீளமான வெப்பமானியை ஒரு முழ ஆழத்தில் செருகி, காலையிலும் பிற்பகலிலும் இரண்டு குவியலின் சூட்டையும் பிள்ளைகளே எழுதிவரட்டும். வெறும் மணல் பகலில் ஏறி இரவில் இறங்கும். சருகு கலந்தது அவ்வளவு ஆடாது. சருகு மட்கித் தீர்ந்ததும் சூடு குறையத் தொடங்கும். அப்போது பாதிப் பேரிடம் புதுச் சருகு போட்டுக் கிளறச் சொல்லுங்கள். வெப்பமானி மறுபடி ஏறுவதற்கு எத்தனை நாளாகிறது என்பதை அட்டவணையில் தனியாகக் குறிக்க வேண்டும். நடுவில் பெருமழை வந்து அளவு குலைந்தாலும் அந்த நாட்களை நீக்கிவிட வேண்டாம்.